பேத்தை மீனும் கனகவல்லியும்

“எட்டு மாசமா கேக்கேன், அந்தப் பட்டியல்ல என் பேரையும் ஒரு வரி—”

“பட்டியல்னா என்ன, கல்யாணப் பத்திரிகையா உஷா, தங்கள் நல்வரவை நாடும்னு சித்தப்பா பெரியப்பா பேரெல்லாம்—”

“—எழுதினா உங்க கை தேஞ்சா போவும்?”

“—வரிசையா போடுறதுக்கு? அது மெஷினோட சாவி. ஒரு மெஷினுக்கு ஒரு சாவி, ஒரு ஆளு.”

“இந்த வீட்டுக்கே ரெண்டு சாவி இருக்கு. ஒண்ணு என் கைப்பையில.”

“அதத்தான் போன மாசம் காய்கறிக் கடையில வச்சிட்டு வந்த.”

சனிக்கிழமை காலை பத்தரை மணி. ராமச்சந்திராபுரத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பக்கத்திலேயே வாங்கிய நாலாம் மாடி வீடு. உஷா சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் சந்திரசேகரன் ஜன்னலோரம் நின்று, தண்ணி டேங்கர் வருகிறதா என்று ஒரு கண்ணும் மனைவியோடு சண்டையில் ஒரு கண்ணுமாக இருந்தார்.

சண்டைக்குக் காரணம் மேஜை மேல்தான் இருந்தது. பழைய கறுப்புத் திங்க்பேட். மூடியில் முள்ளுமுள்ளாய் உப்பிய மீன் படம் ஒன்று ஒட்டியிருக்கும். ரிட்டையர் ஆன மறு மாதம் சந்திரசேகரன் அதிலிருந்த விண்டோஸைத் துடைத்து எறிந்துவிட்டு ஓபன்பிஎஸ்டி என்று வேறொரு இயங்குதளத்தை ஏற்றினார். ஊர் உலகத்தில் யாரும் வீட்டில் வைத்துக்கொள்ளாத சாமான். யார் வேண்டுமானாலும் சும்மா இறக்கிக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து படிக்கலாம். ஆனாலும் அந்த அடுக்குமாடியில் நாற்பது வீட்டில் ஒருவருக்கும் அந்த ஆசை வரவில்லை.

மீன் படத்தை ஒட்டிய அன்றே உஷா சொல்லிவிட்டாள். “இது பேத்தை மீன்லா. எங்க தூத்துக்குடியில வலையில இது ஏறினா, சனியனேன்னு திரும்பக் கடல்ல எறிவாங்க. நீங்க காசு குடுத்து வாங்கி ஒட்டுதீங்க.”

“ஏன் எறியுதாங்க? விஷம். யாரும் கிட்ட வரமாட்டான். அதான் இதுக்கு அடையாளம். இதுல எல்லாம் மூடியேதான் வரும். எது வேணுமோ அத மட்டும் நாம திறந்துக்கணும்.”

அவருக்கு அது பிடித்துப்போனதில் அதிசயம் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் பெரிய தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் வேலை. அவர் முத்திரை விழாமல் ஒரு போல்ட் வெளியே போனதில்லை. வேலை முடிந்தால் மெயினை அணைக்க வேண்டும், செய்ததை லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். எந்த ஃபிட்டரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, “எழுதி வெச்சியா?” அதுதான். வீட்டிலும் அதே பாட்டு. கேஸ் சிலிண்டர் மாற்றினாயா, எழுதி வெச்சியா? பால்காரனிடம் நாளைக்கு வேண்டாம் என்றாயா, எழுதி வெச்சியா? முதலிரவுத் தேதியைக்கூட அவர் எங்கேயோ எழுதி வைத்திருப்பார் என்பது உஷாவின் சந்தேகம்.

இப்படிப்பட்டவர் கையில் இப்படிப்பட்ட மெஷின் கிடைத்தால் என்ன ஆகும்? வீட்டில் இரண்டே பேர், அதில் ஒருவருக்கு மட்டும்தான் அதிகாரம். மெஷினின் உள் விஷயத்தை மாற்ற யார் யாருக்கு அனுமதி என்று அதற்குள் ஒரு சின்னப் பட்டியல் உண்டு. அதில் ஒரே பேர். உஷாவுக்குத் தனியாக ஒரு வாசல் திறந்து கொடுத்திருந்தார். அதில் அவள் கடிதம் எழுதலாம், பாட்டுக் கேட்கலாம், சமையல் பார்க்கலாம். ஆணி அடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மகள் சுஷ்மா புனேயிலிருந்து அனுப்பிய ப்ளூடூத் ஹெட்போனும் அலமாரியில் தூங்குகிறது. ஓபன்பிஎஸ்டிக்கு ப்ளூடூத் கிடையாது. “வெச்சிருந்தாங்க, சரியில்லன்னு எடுத்துட்டாங்க” என்று சந்திரசேகரன் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, இவர் பெற்ற பிள்ளை அதுதானோ, சுஷ்மா எனக்கு மட்டும்தான் பிறந்தாளோ என்று உஷாவுக்குத் தோன்றியது.

வெளியே சொல்லிக்கொள்ளாத விஷயம் ஒன்றும் உண்டு. உஷாவுக்கு அந்த மெஷினைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. எதைப் பற்றிக் கேட்டாலும் அதற்குள்ளேயே விளக்கம் எழுதி வைத்திருந்தார்கள். ‘மேன்’ என்று அடித்து, விஷயத்தின் பெயரை அடித்தால் போதும். மத்தியானம் அவர் குறட்டை விடும்போது உஷா அதைத் தொடர்கதை மாதிரி வாசிப்பாள். பாதி புரியாது. ஆனாலும் எழுதினவன் வம்பளக்காமல் எழுதியிருக்கிறான், எங்கே தவறும், எதைச் செய்யக் கூடாது என்பதையும் கடைசியில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறான். சொந்தக்காரர்கள் யாரும் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

இன்றைய சண்டைக்கு வருவோம். இந்த வேற்று மாநில நகரத்தில் தமிழ்க்காரர்கள் சேர்ந்து இணையத்தில் ஒலி நாடகம் போடுகிறார்கள். நாடகத்தின் பெயர் ‘லிஃப்ட் சாவி’. அதில் கனகவல்லி என்று ஒருத்தி. அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர். லிஃப்ட் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்பது வீட்டை ஆட்டி வைப்பாள். அந்தக் கனகவல்லிக்குக் குரல் தேடினார்கள். பதினொரு மணிக்கு உஷாவுக்குக் குரல் தேர்வு. வீடியோ வேண்டாம், குரல் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

உஷா இதற்காக மூன்று வாரமாகக் குளியலறையில் வசனம் பேசிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் நாலு நாடகம் நடித்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் பெயர் ‘இன்ஸ்பெக்ஷன் சார் வொய்ஃப்’. குவார்ட்டர்ஸில் நவராத்திரிக்கு ஒருமுறை விளக்கேற்றக் கூப்பிட்டார்கள். அதுதான் இருபத்தொன்பது வருஷத்தில் அவள் ஏறிய மேடை.

போனில் பேசிவிடலாமே என்றால் போன் புதன்கிழமையே கிரைண்டர் மாவில் விழுந்து, லிங்கம்பள்ளி ரிப்பேர் கடையில் அரிசிக்குள் புதைந்து கிடக்கிறது. சந்திரசேகரனுடையது பட்டன் போன். ஆகவே பேத்தை மீன்தான் கதி.

“மைக் வேலை செய்யும்லா?”

“வியாழக்கிழமை உன் முன்னாலதான டெஸ்ட் பண்ணேன். நீயும் ஹலோ ஹலோன்னு கத்தின, திருப்பிக் கேட்டது. இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சது, பாஸ்.”

“இருந்தாலும் நடுவுல எதாவதுன்னா? அதுக்குத்தான் கேக்கேன், என் பேரையும்—”

கீழே ஹாரன் அடித்தது. சந்திரசேகரன் கதவுக்குப் பின்னாலிருந்து அளவுக்கோடு போட்ட மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டார். குடியிருப்புச் சங்கத்தில் யாரும் கேட்காமலே அவர் ஏற்றுக்கொண்ட வேலை அது. டேங்கர் வந்தால் தரைத்தொட்டியில் குச்சியை விட்டு, தண்ணி எத்தனை கோடு ஏறியது என்று பார்ப்பார்.

“அவன் அரை டேங்கை இறக்கிட்டு முழு டேங்குன்னுவான். வந்துடுதேன்” என்று படியிறங்கிப் போனார். லிஃப்ட்டில் ஏறமாட்டார். அதை யார் சோதித்தார்கள் என்று அவருக்குத் தெரியாது.

உஷா தொண்டையைச் செருமிக்கொண்டு, நாடகக்காரர்கள் அனுப்பியிருந்த இணைப்பைப் பதினொரு மணிக்கு அழுத்தினாள். திரையில் மூன்று பெயர்கள் வந்தன. அனுபமா, இர்பான், ஆண்டனி. அனுபமாதான் இயக்குநர்.

“உஷா சந்திரசேகரன்னு பேர் வந்திருக்கு அனு, சத்தம் வரல” என்றது இர்பானின் குரல்.

“வணக்கம்மா, கேக்குதுங்களா?” என்றாள் அனுபமா.

“கேக்குதும்மா. தெளிவாக் கேக்குது.”

“ஆடியோ இன்னும் சேரல போல. நாம பேசுறதும் அவங்களுக்குக் கேக்காது.”

“சேர்ந்தாச்சும்மா. இங்கதான் இருக்கேன்.”

“நெட் சரியில்லாம இருக்கும். வெயிட் பண்ணுவோம்.”

மைக் படம் பச்சையாகத்தான் எரிந்தது. எந்தத் தப்பும் காட்டவில்லை. உஷா திரையோரச் செய்திப் பெட்டியில் எழுதியாவது சொல்லிவிடலாம் என்று விசைகளில் கை வைத்தாள். அதற்குள் ஆண்டனி ஆரம்பித்துவிட்டான்.

“இவங்க பொங்கல் விழாவுல வாழ்த்துரை குடுத்தவங்கதான? எவர்சில்வர் தட்டு கீழ விழுந்த மாதிரி ஒரு குரல்.”

“தட்டாவது ஒரு தடவை விழுந்து நின்னுடும்” என்றான் இர்பான்.

உஷா கையை எடுத்துவிட்டாள்.

“சும்மா இருங்கப்பா. வயசானவங்க, ஆசையா வராங்க” என்றாள் அனுபமா. “ரெண்டாம் காட்சியில சாகுற அத்தை இருக்கில்ல, அதக் குடுத்துடலாம். ரெண்டு வசனம்தான். ‘தண்ணி’ன்னு ஒண்ணு. ‘முருகா’ன்னு ஒண்ணு.”

“தண்ணியை வெட்டிடு அனு. கேக்காமலே செத்தா இன்னும் உருக்கமா இருக்கும்.”

“அப்ப கனகவல்லி?” என்றான் இர்பான்.

“நம்ம குழுவுல இருக்கிற ஸ்மிதாவே பண்ணட்டும். பதினொன்னேகால் வரைக்கும் இவங்களுக்காகப் பார்ப்போம். வரலைன்னா ஸ்மிதாவக் கூப்பிடு” என்றாள் அனுபமா.

இப்போது எழுதினால், அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரிந்துபோகும். கூசிப்போய் நாலு வார்த்தை குழைவார்கள், அத்தைக்குத் தண்ணியைத் திரும்பக் கொடுப்பார்கள், அனுப்பிவிடுவார்கள். பேசினால்தான் உண்டு. பேசத்தான் வாய் இல்லை. மணி பதினொன்று நாலு.

உஷா யோசித்தாள். வியாழக்கிழமை அவர் என்ன அடித்தார்? கட்டளை அடிக்கிற கறுப்புச் சன்னலைத் திரையில் திறந்தாள். ‘மேன்’ அடித்து, ஒலியின் பெயரை அடித்தாள். இரண்டு பக்கம் உருட்டுவதற்குள் கிடைத்துவிட்டது. பதிவு செய்யும் அனுமதி என்று ஒரு சுவிட்ச். வரும்போதே மூடித்தான் வரும். மூடியிருந்தால் மைக் வேலை செய்வது போலவே இருக்கும், ஆனால் வெறும் மௌனத்தைத்தான் அனுப்பும். அட பேத்தை மீனே. வீட்டுக்குள் இருபத்தொன்பது வருஷமாக என்ன நடந்ததோ அதையே எழுதி வைத்திருக்கிறார்களே.

சுவிட்ச் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பூஜ்யம் என்றது.

வியாழக்கிழமை அவர் ஒன்று ஆக்கினாரே? ஆக்கினார். டெஸ்ட் செய்தார். எழுந்து போகும்போது வழக்கம்போல மெஷினை அணைத்து, சுவரில் மெயினையும் அணைத்தார். கையால் திறந்தது அணைத்தால் மறந்துபோகும், நிலைக்க வேண்டுமானால் அதற்கான கோப்பில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அவளே ஒரு மத்தியானம் படித்தாள். அந்த ஒரு வரியை மனிதர் எழுதவில்லை.

உஷா ஒன்று என்று மாற்றி அடித்தாள். ‘ஆபரேஷன் நாட் பர்மிட்டட்’ என்று பதில் வந்தது. மெஷின் அவர் குரலிலேயே சொன்ன மாதிரி இருந்தது.

பால்கனிக்கு ஓடினாள். கீழே சந்திரசேகரன் தொட்டிக்குள் குச்சியை விட்டுக் குனிந்திருந்தார்.

“என்னங்க. மைக் மூடிக் கிடக்கு. உங்க பாஸ்வேர்டு என்ன?”

தண்ணி இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. டேங்கர் டிரைவர்தான் அவர் தோளைத் தட்டினான். “சார், மேடம் புலாரே, கூப்பிடுறாங்க.”

“பாஸ்வேர்டு என்னங்க?”

“அதத் தெருவுல நின்னு கத்தவா?”

“அப்ப மேல வாங்க.”

“தண்ணி ஆறாவது கோட்டுலதான் நிக்கி. எட்டு வரணும்.”

“எனக்குப் பதினொன்னேகால் வரைக்கும்தான் உசுரு. அதுக்கப்புறம் அத்தையாச் சாகணும்.”

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் சந்திரசேகரன் அண்ணாந்து பார்த்தார். டிரைவர் பெருந்தன்மையாகச் சொன்னான். “நக்கோ டென்ஷன் சார். ஜாவ், போங்க. நான் பாத்துக்குறேன்.”

“நீ பாத்துக்குவன்னுதாம்ப்பா எனக்கு டென்ஷன்” என்றபடி அவர் குச்சியையும் உருவிக்கொண்டு படியேறினார்.

நாலு மாடி ஏறி வந்தவருக்கு மூச்சு இரைத்தது. குச்சி நுனியிலிருந்து ஹால் முழுக்கத் தண்ணி சொட்டியது. மணி பதினொன்று பதின்மூன்று.

“தள்ளு. வியாழக்கிழமை நல்லாத்தான இருந்துச்சு? நீ என்னத்தத் தொட்ட?”

“நான் எதத் தொட முடியும்? தொட்டா, அனுமதி இல்லங்குது. சுவிட்ச் பூஜ்யத்துல கிடக்கு. ஒண்ணு போடுங்க.”

“உனக்கு யாரு சொன்னா?”

“மேன் சொன்னான். எந்த மேன்னு கேட்டு நேரத்த ஓட்டாதீங்க, அடிங்க.”

அவர் ஒற்றை விரலால் கடவுச்சொல்லை அடித்தார். உஷா பார்த்துவிடக் கூடாது என்று இடது கையால் விசைகளை மறைத்துக்கொண்டார். தப்பு. மறுபடி அடித்தார். பிறகு சுவிட்ச் பெயரை எழுத்துக்கூட்டி அடித்து எண்டரைத் தட்டினார். தட்டியபடியே அவள் பக்கம் திரும்பினார்.

“ஒருத்தர் சரியா வெச்சிட்டுப் போன மெஷின் தானா மாறுமா?”

“தானா மாறல. நீங்க அணைச்சீங்க, அது மறந்துபோச்சு. நிலைக்கணும்னா ஒரு வரி எழுதி வைக்கணும். வெச்சீங்களா?”

“அது வந்து—”

“முப்பத்திரண்டு வருஷம் ஊரான் வீட்டுப் பிள்ளைய எல்லாம் நிக்க வச்சுக் கேட்டீங்களே. போன வாரம் பொரிகடலை தீந்ததுக்கு என்னை எழுத வச்சீங்களே. ஒரு வரி. உங்களால எழுத முடியல.”

“டெஸ்ட் டெஸ்ட்டுதான். அது புரொடக்ஷன் இல்ல.”

“எம் பொழப்பு உங்களுக்கு டெஸ்ட்டு. அங்க மூணு பேரு உக்காந்துக்கிட்டு என்னை எவர்சில்வர் தட்டுங்கான். சாகுற அத்தையாம். தண்ணி கேக்கக் கூடாதாம், முருகான்னு மட்டும் சொல்லிட்டுப் போய்ச் சேரணுமாம். கனகவல்லிய எவளுக்கோ தூக்கிக் குடுக்கான். கனகவல்லி யாருன்னு எனக்குத் தெரியும், அந்த ஸ்மிதாவுக்கு என்ன தெரியும்? சாவிய இடுப்புல செருகிக்கிட்டு அடுத்தவள உள்ள விடாத ஜென்மம். இருபத்தொம்பது வருஷமா அதோடதான குடும்பம் நடத்துதேன். சேலை கட்டல, அவ்வளவுதான்.”

சந்திரசேகரன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் உஷாவுக்கு உறைத்தது. அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோயிருந்தது.  திரையில் பூஜ்யம் ஒன்றாக மாறியதற்கு ஒரு வரி, எப்போதோ வந்து அமைதியாக நின்றுகொண்டிருந்தது.

“அம்மா” என்றாள் அனுபமா, மெல்ல. “நீங்க எவ்வளவு நேரமா லைன்ல இருக்கீங்க?”

இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

“எவர்சில்வர் தட்டுலேர்ந்தும்மா.”

யாரோ இருமினார்கள். ஆண்டனியாக இருக்கும்.

“ஆன்ட்டி, அது நான் வந்து… சும்மா ஜோக்குக்கு—”

“ஜோக் நல்லாத்தான் இருந்திச்சு தம்பி. இர்பான் தம்பி சொன்னது இன்னும் நல்லாருந்துச்சு. பதினொன்னேகால் ஆகிப்போச்சு. ஸ்மிதாவக் கூப்பிடுததுன்னா கூப்பிடுங்க. இல்லன்னா நாலாம் பக்கம் படிக்கேன்.”

 அனுபமா சொன்னாள். “படிங்கம்மா.”

நாலாம் பக்கத்தில், ஆறாம் மாடிக்குக் கட்டில் கொண்டுவந்தவன் லிஃப்ட் சாவி கேட்கிறான், கனகவல்லி மறுக்கிறாள். குளியலறையில் மூன்று வாரம் உஷா அதைக் கத்தித்தான் பேசிப் பார்த்திருந்தாள். இப்போது கத்தவில்லை. ஜன்னலோரம் குச்சியோடு நின்றவரைப் பார்த்தபடி, அவரைப் போலவே நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“சாவி இருக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா லிஃப்ட்டு மனுசங்களுக்கு. கட்டிலுக்கு யாரு அனுமதி குடுத்தா? எத்தன கிலோ? எந்த மாடி? எழுதிக் குடு. படிச்சுப் பாக்கேன். படிச்சுப் பாத்துட்டு, இல்லன்னு சொல்லுதேன்.”

கடைசி வாக்கியத்துக்கு முன்னால் அவள் ஒரு மூச்சு நிறுத்தினாள். அந்த நிறுத்தத்தில் அந்தப் பக்கம் ஒருத்தன் குபீரென்று சிரித்தான். அதைக் கேட்டு இன்னொருத்தன் சிரித்தான்.

சந்திரசேகரன் மட்டும் சிரிக்கவில்லை. “யாரு இப்படிப் பேசுவாங்க?” என்று முணுமுணுத்தார்.

“அம்மா, அந்த ‘படிச்சுப் பாத்துட்டு’ இருக்கே, அத அப்படியே வெச்சுக்கோங்க” என்றாள் அனுபமா. “புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு முதல் ஒத்திகை. கனகவல்லி நீங்கதான். ஸ்மிதாகிட்ட நான் பேசிக்கிறேன். இதே லைன்லயே வந்துடுங்க. உங்களால லேட் ஆனா மட்டும் கஷ்டம், ஒன்பது பேர் காத்திருப்பாங்க.”

“லேட் ஆவாதும்மா.”

“அப்புறம் பின்னால ஒருத்தர் பேசினாரே, அவர் யாரு? கட்டில்காரன் ரோல் ஒண்ணு சும்மாதான் இருக்கு.”

“அவரு டேங்கர் வேலையா வந்தவரும்மா” என்று சொல்லி உஷா இணைப்பைத் துண்டித்தாள்.

 உஷா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுகை வருமோ என்று பார்த்தாள். வரவில்லை, பசிதான் வந்தது. கீழே ஹாரன் இரண்டு முறை அடித்தது. டேங்கர் காலியாகிவிட்டது, எட்டாவது கோடு வரை ஏறியதா என்று யாருக்கும் தெரியாது.

“கட்டில்காரன்னா வசனம் எத்தனை?” என்றார் சந்திரசேகரன்.

“மூணு. மூணும் ‘சரிங்கம்மா’தான்.”

“ம்.”

அவர் குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு மேஜைக்கு வந்தார். உள்ளுக்குள் ஒரு திருப்தி, அது நடையில் தெரிந்தது. எப்படியோ வேலை முடிந்தது, மெஷினும் தோற்கவில்லை. பழக்கம் விடுமா? கறுப்புச் சன்னலை மூடினார். மெஷினை அணைத்தார். பேத்தை மீன் படம் மேலே வரும்படி மூடியைச் சாத்தினார். பிறகு சுவருக்குப் போய் மெயின் சுவிட்சையும் தட்டிவிட்டு, ஷிப்ட் முடிந்த ஆளாகக் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

உஷா அவரைப் பார்த்தபடியே இருந்தாள்.

“மைக்குக்கு ஒரு வரி, அந்தப் பட்டியல்ல என் பேருக்கு ஒரு வரி. அணைக்கிறதுக்கு முன்னால ரெண்டையும் எழுதி வெச்சீங்களா?”